பரந்த வெளியும் பசுந்தீவும்

மனிதன் இடம்பெயர்வதற்குக் காரணங்கள் பல. பஞ்சம் துரத்தியதால் பெயர்ந்தவர் உண்டு. போர் விரட்டியதால் பெயர்ந்தவர் உண்டு. வேலை தேடியும் கல்வி நாடியும் ஊர் விட்டு வந்தவர் நம்முள்ளேயே பலர். ஆனால், மீன் பிடிப்பதற்காகவும் மான் வேட்டைக்காகவும் குடும்பத்தோடு நாட்டின் மறுகோடிக்குக் குடிபெயரலாமா என்று ஒருவர் உறக்கம் இழந்து கணக்குப் போடுகிறார் என்றால், நமக்கு வியப்பாகத்தான் இருக்கும். கனடாவில் இது வியப்பன்று. அந்நாட்டின் நடுப்பகுதிச் சமவெளியில் வாழ்வோர் பலர், மேற்குக் கடலோரத்திலுள்ள வான்கூவர் தீவை எண்ணி இவ்வாறு கணக்குப் போடுவதுண்டு. அக்கணக்கு எவ்வாறு போடப்படுகிறது, அதில் எந்தப் புள்ளி விடுபட்டுப் போகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடங்குமுன் ஒரு சொல். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டது. எனவே வேட்டை என்றதும் அது குற்றம் என்ற எண்ணமே நமக்கு எழும். கனடாவில் நிலைமை வேறு. அங்கே எந்த விலங்கை, எந்த மாதத்தில், எந்தப் பகுதியில், எத்தனை கொள்ளலாம் என்று ஆண்டுதோறும் அரசு வரையறுக்கிறது. உரிமச் சீட்டுக் கட்டணத்தில் ஒரு பகுதி விலங்குகளின் வாழிடத்தைக் காக்கச் செலவாகிறது. காட்டு விலங்கின் இறைச்சியை விற்கக் கூடாது. வீட்டில் உண்பதற்கே கொள்ள வேண்டும். இலையுதிர்காலத்தில் கிடைக்கும் ஒரு மான், பல குடும்பங்களுக்குக் குளிர்கால உணவு. ஆகவே அங்கே வேட்டை பலருக்குப் பொழுதுபோக்கு மட்டும் அன்று. ஆண்டின் ஒழுங்கும், உணவும், நட்பும் அதில் அடங்கியுள்ளன.

இரு நிலங்கள்

ரெஜைனா நகரின் அருகே வாழும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது நாற்பத்தைந்து. மனைவி, இரு மக்கள், ஒரு வேட்டை நாய். அவரை நம் அன்பர் என்று அழைப்போம். அவர் வாழும் சஸ்காட்சுவன் மாகாணம் ஏறக்குறைய 6,50,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே 11 லட்சத்துச் சொச்சம் மக்களே வாழ்ந்தனர். தென்பாதி கோதுமையும் கடுகின வித்துகளும் விளையும் சமவெளி. வடபாதி ஏரிகளும் ஊசியிலைக் காடுகளும் நிறைந்தது.

அவர் எண்ணும் வான்கூவர் தீவோ ஏறக்குறைய 31,000 சதுர கிலோமீட்டர். நம் கேரளத்தைவிடச் சற்றுச் சிறியது. நீளம் ஏறக்குறைய 450 கிலோமீட்டர். அகலம் மிகுந்த இடத்திலும் 100 கிலோமீட்டர் அளவே. நடுவே மலைத்தொடர் முதுகெலும்புபோல் ஓடுகிறது. அதன் உயர்ந்த சிகரம் கடல்மட்டத்துக்கு மேல் 2,190 மீட்டருக்கும் அதிகம். 2021-இல் அங்கே எட்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் விக்டோரியா முதல் கேம்ப்பெல் ரிவர் வரை செல்லும் கிழக்குக் கரையோரத்திலேயே உள்ளனர். மேற்குக் கரையிலும் வடக்கிலும் காடும் கடலுமே ஆட்சி செய்கின்றன.

பண்டைத் தமிழர் நிலத்தை ஐந்திணையாகப் பகுத்தனர். நிலம் மாறினால் தொழிலும் உணவும் பொழுதுபோக்கும் மாறும் என்பது அவர்கள் கண்ட உண்மை. இந்த அன்பரின் சிக்கலும் அதுவே. அவர் வீட்டை மட்டும் மாற்ற எண்ணவில்லை. திணையையே மாற்ற எண்ணுகிறார்.

தட்பவெப்பம்

தீவின் கவர்ச்சிக்கு முதற்காரணம் குளிர்காலம். ரெஜைனாவில் சனவரி மாதச் சராசரி வெப்பம் பூச்சியத்துக்குக் கீழ் 15 பாகை அளவில் நிற்கும். சில இரவுகளில் 40 பாகை கீழே இறங்குவதும் உண்டு. விக்டோரியாவில் அதே மாதம் பூச்சியத்துக்கு மேல் ஏறக்குறைய 5 பாகை. பனி பெய்தாலும் பெரும்பாலும் சில நாள்களில் உருகிவிடும். பெருங்கடல் காற்று நிலத்தைக் கடுங்குளிரினின்று காக்கிறது.

ஆயின், அதே கடற்காற்று மழையையும் கொண்டுவருகிறது. ரெஜைனாவில் மழையும் பனியும் சேர்ந்து ஆண்டுக்கு 400 மில்லிமீட்டருக்கு உட்பட்டதே. தீவின் மேற்குக் கரையிலுள்ள டொஃபினோவில் அது 3,000 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. அங்கிருந்து சற்றுத் தொலைவிலுள்ள ஹெண்டர்சன் ஏரிப் பகுதியில் 1997-ஆம் ஆண்டில் 9,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்ததாகப் பதிவு உள்ளது. விக்டோரியா மலையின் மறைவில் இருப்பதால் அங்கே 600 மில்லிமீட்டர் அளவோடு நின்றுவிடுகிறது. ஒரே தீவுக்குள் இத்தனை வேறுபாடு! "தீவுக்குப் போகிறேன்" என்று சொல்வது போதாது; மலையின் எப்பக்கம் என்று சொல்ல வேண்டும்.

உலர்ந்த குளிரில் பழகியவர் ஈரக்குளிரை எளிதாக எண்ணிவிடுவர். அது தவறு. உலர்ந்த கம்பளி உடுத்தவர் உறைகுளிரிலும் வெளியில் உலவலாம். உடை நனைந்துவிட்டாலோ உடலின் வெப்பத்தை நீர் விரைவில் கவர்ந்துவிடும். 5 பாகை வெப்பத்திலும் உயிருக்கு ஊறு நேரலாம். பனியைத் தட்டிவிட்டு நடக்கலாம்; மழையைத் தட்டிவிட முடியாது. மேலும், சமவெளியின் குளிர்காலத்தில் வானம் நீலமாக இருக்கும், கதிரவன் காய்வான். தீவிலோ நவம்பர் முதல் பிப்ரவரி வரை சாம்பல் நிற வானமே மிகுதி. குளிருக்கு அஞ்சாதவர் பலர் இந்த மங்கலுக்குத் தோற்றிருக்கின்றனர்.

விட்டுச் செல்வது என்ன?

சமவெளியில் நம் அன்பருக்கு என்ன உண்டு? முதலாவது, நீர்ப்பறவைகள். பனியாறுகள் பண்டு விட்டுச் சென்ற எண்ணற்ற சிறு குட்டைகள் அச்சமவெளியெங்கும் உள்ளன. வட அமெரிக்க வாத்துகளிற் பாதிக்கு மேற்பட்டவை இக்குட்டைப் பகுதியில்தான் குஞ்சு பொரிக்கின்றன. அங்குள்ள லாஸ்ட் மவுண்டன் ஏரியில் 1887-இலேயே பறவைகளுக்கென்று நிலம் ஒதுக்கப்பட்டது; வட அமெரிக்காவில் அரசு ஏற்படுத்திய முதற் பறவைப் புகலிடம் அதுவே. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் விடியற்காலையில் வாத்துக் கூட்டங்கள் அறுவடை முடிந்த வயலில் இறங்குவதைப் பார்த்தவர் அதை மறப்பதில்லை.

இரண்டாவது, மான்கள். வெண்வால் மான், மியூல் மான், எல்க், மூஸ் என்னும் பேருருவம் கொண்ட மான் ஆகிய நான்கும் அங்குண்டு. உலகிலேயே மிகப் பெரிய சீர்கொம்புடைய வெண்வால் மான் என்று பதிவு பெற்றது, 1993-இல் சஸ்காட்சுவனின் பிகர் என்னும் ஊருக்கு அருகே ஓர் உழவருக்குக் கிடைத்ததே. மூன்றாவது, குளிர்கால மீன்பிடிப்பு. ஏரி உறைந்ததும் அதன்மேல் வண்டியை ஓட்டிச் சென்று, பனிக்கட்டியில் துளையிட்டு, சிறு குடிலுக்குள் அமர்ந்து தூண்டில் போடுவர். தேநீரும் கதையுமாகப் பொழுது போகும்.

குறைகளும் இல்லாமல் இல்லை. மான்களின் மூளையை அரித்துக் கொல்லும் நலிவு நோய் 2000-ஆம் ஆண்டில் சஸ்காட்சுவனின் காட்டு மான்களிடம் காணப்பட்டது; அதன்பின் பரவி வருகிறது. அதனால் பல பகுதிகளில் மானின் தலையைச் சோதனைக்கு அனுப்பி, முடிவு வந்த பிறகே இறைச்சியை உண்கின்றனர். பிரிட்டிஷ் கொலம்பியாவில் இந்நோய் 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. ஆயின் அது தீவுக்கு வெகு தொலைவிலுள்ள தென்கிழக்கு மலைப்பகுதியில்.

பெறுவது என்ன?

தீவின் செல்வம் கடல். பசிபிக் சால்மன் மீன் ஐந்து வகை. ஐந்தும் அங்கு வருகின்றன. ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட அதே ஆற்றுக்குத் திரும்பி, முட்டையிட்டபின் மடியும் மீன் அது. கேம்ப்பெல் ரிவர் என்னும் ஊர் தன்னை உலகின் சால்மன் தலைநகர் என்று அழைத்துக்கொள்கிறது. அங்கே 1924-இல் தோன்றிய டைய் சங்கம் இன்றும் உள்ளது. துடுப்புப் படகில் சென்று, வரையறுத்த தூண்டிலால், 30 பவுண்டுக்குக் குறையாத சினூக் சால்மனைப் பிடித்தவரே அதில் உறுப்பினராகலாம். பொறிப்படகில் சென்று பிடித்த மீன் எவ்வளவு பெரிதாயினும் அச்சங்கம் அதைக் கணக்கில் கொள்ளாது.

சால்மன் மட்டுமா? ஆழ்கடலில் ஹாலிபட் என்னும் தட்டை மீன், பாறையிடுக்கில் லிங்காட், கரையருகே நண்டு, வசந்தத்தில் இறால், ஆறுகளில் ட்ரவுட். மார்ச் மாதத்தில் ஹெர்ரிங் மீன்கள் முட்டையிட வருகையில் கிழக்குக் கரையோர நீர் பால்போல் வெளுத்துவிடும். இலையுதிர்காலத்தில் காட்டில் உண்ணத்தக்க காளான் முளைக்கும். சமவெளியில் ஆண்டின் வாயில் ஐந்து மாதம் பனியால் அடைபடும். தீவில் அவ்வாயில் அடைபடுவதே இல்லை. இதுவே சமவெளி மக்களை மயக்கும் செய்தி.

நடப்பவர்க்கும் குறைவில்லை. 1911-இல் ஏற்பட்ட ஸ்டிராத்கோனா பூங்கா அம்மாகாணத்தின் முதற் பூங்கா. மேற்குக் கரையோரமாகச் செல்லும் 75 கிலோமீட்டர் நடைபாதை உலகப் புகழ் வாய்ந்தது. 1906-இல் வலன்சியா என்னும் கப்பல் அக்கரையில் உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின், கப்பலுடைந்து கரையேறுவோரைக் காப்பதற்காகச் செப்பனிடப்பட்ட வழியே இன்று உல்லாச நடைபாதையாக விளங்குகிறது.

ஆனால் வேட்டையைப் பொறுத்தமட்டில் பட்டியல் சுருங்கிவிடுகிறது. தீவில் மூஸ் இல்லை. வெண்வால் மான் இல்லை. உள்ளது கருவால் மான். சமவெளி மானினும் உருவிற் சிறியது. கருங்கரடி மிகுதி. கூகர் என்னும் மலைச்சிங்கமும் ஓநாயும் உண்டு. ரூஸ்வெல்ட் எல்க் என்னும் பெரிய மானினம் உண்டெனினும், அதைக் கொள்ளும் உரிமை பெரும்பாலும் குலுக்கல் முறையில் கிடைப்பது. ஆண்டுகள் பல விண்ணப்பித்தும் பெயர் வராதவர் உண்டு. தீவுக்கே உரிய மார்மட் என்னும் மலையணில் இனமோ 2003-இல் காட்டில் முப்பதுக்கும் குறைவாகத் தேய்ந்து, பின்னர்ப் பெருமுயற்சியால் காக்கப்பட்டு வருகிறது. அதைத் தொலைவில் நின்று பார்ப்பதே பேறு.

வேட்டையின் முறையும் மாறும். சமவெளியில் தொலைநோக்கியால் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மானையும் காணலாம். தீவின் காட்டில் ஐம்பதடிக்கு அப்பால் பச்சைச் சுவர்தான். கண்ணால் வேட்டையாடியவர் அங்கே காதால் வேட்டையாடக் கற்க வேண்டும்.

சட்டமும் சீட்டும்

மாகாண எல்லையைத் தாண்டியவுடன் அன்பர் அந்நியராகிவிடுகிறார். துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் நடுவண் அரசுடையது. முகவரி மாற்றத்தை 30 நாளுக்குள் தெரிவித்தால் போதும். ஆனால் வேட்டை உரிமம் மாகாணத்தினுடையது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் குடியுரியவர் என்று கருதப்பட வேண்டுமாயின், முந்திய 12 மாதங்களுள் 6 மாதங்களில், ஒவ்வொரு மாதத்தின் பெரும்பகுதியையும் அம்மாகாணத்தில் கழித்திருக்க வேண்டும். அதுவரை அவர் வெளியூரார். வெளியூரார் பெருவிலங்கு வேட்டைக்குத் தனித்துச் செல்ல முடியாது; உரிமம் பெற்ற வழிகாட்டியையோ, அதற்கென அனுமதி பெற்ற உள்ளூராரையோ உடன் கொள்ள வேண்டும். ஆகத்தில் குடியேறுபவர் அவ்வாண்டின் இலையுதிர்கால வேட்டையை மறந்துவிட வேண்டியதுதான்.

மீனுக்கோ இரண்டு சீட்டுகள். ஆற்றிலும் ஏரியிலும் பிடிக்க மாகாணச் சீட்டு. கடலில் பிடிக்க நடுவண் அரசின் சீட்டு. கடற்சீட்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை செல்லும். 2019 முதல் தென் கடற்பகுதியில் சினூக் சால்மன் பிடிப்பதற்குக் கடுங்கட்டுப்பாடுகள் வந்துள்ளன. ஃபிரேசர் ஆற்றுக்குத் திரும்பும் சினூக் குறைந்துவிட்டதே காரணம். அம்மீனையே பெரிதும் உண்டு வாழும் தென்கரைக் கொலைத் திமிங்கிலங்கள் எண்பதுக்கும் குறைவாகிவிட்டன என்பதும் ஒரு கவலை. இருபது ஆண்டுக்கு முன் தீவுக்கு உல்லாசப் பயணம் வந்து வேண்டிய மீன் பிடித்துச் சென்றவர், அந்நினைவை நம்பி வீட்டை விற்றுவிடக் கூடாது.

கரையில் கிடைக்கும் சிப்பிகளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. சில காலங்களில் கடலில் பெருகும் நுண்ணுயிர்களின் நஞ்சு சிப்பிகளில் சேர்ந்துவிடும். சமைத்தாலும் அந்நஞ்சு போகாது. எப்பகுதி திறந்துள்ளது, எது மூடப்பட்டுள்ளது என்று அரசு வெளியிடும் அறிவிப்பைப் பார்த்த பிறகே கூடையை எடுக்க வேண்டும்.

யாருடைய காடு?

சமவெளியின் தென்பகுதி பெரும்பாலும் உழவர்களின் சொந்த நிலம். 1870-களில் தொடங்கிய நில அளவை அதை ஒரு மைல் சதுரங்களாகப் பகுத்தது. சாலைகளும் சதுரங்கக் கட்டம்போல் ஓடுகின்றன. முன்பு, தடைப்பலகை இல்லாத நிலத்தில் வேட்டையாடலாம் என்றிருந்தது. 2022 சனவரி முதல் சஸ்காட்சுவனில் உரிமையாளரின் இசைவை முன்கூட்டியே பெற வேண்டும். நம் அன்பருக்கு இது இடர் அன்று. இருபது ஆண்டுகளாக அவர் அறிந்த உழவர்கள் இருக்கின்றனர். கதவைத் தட்டினால் தேநீரோடு இசைவும் கிடைக்கும்.

பிரிட்டிஷ் கொலம்பியாவிலோ நிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அரசுடையது. எனவே தீவெங்கும் தடையின்றித் திரியலாம் என்று எண்ணத் தோன்றும். அங்கேதான் வரலாறு குறுக்கே நிற்கிறது. 1880-களில் எஸ்குவிமால்ட்டுக்கும் நனைமோவுக்கும் இடையே இரயில்பாதை அமைத்தவர்களுக்குப் பரிசாக ஏறக்குறைய 20 லட்சம் ஏக்கர் நிலம் வழங்கப்பட்டது. 1886-இல் அப்பாதையின் கடைசி ஆணியை அந்நாட்டுத் தலைமை அமைச்சர் மக்டொனால்டே அடித்தார். அந்நிலத்தின் பெரும்பகுதி பிற்காலத்தில் மரக் கம்பெனிகளின் கைக்குச் சென்றது. ஆகவே மக்கள் நெருங்கி வாழும் தென்கிழக்கில், காட்டுச் சாலைகள் பலவற்றில் பூட்டிய கதவுகளே எதிர்ப்படும். கோடையில் தீயச்சம் மிகுந்தால் திறந்திருப்பவையும் மூடப்படும். கதவைத் தட்டினால் திறக்க அங்கே உழவர் இல்லை.

அதற்கும் முந்திய வரலாறு ஒன்று உண்டு. அத்தீவு குவக்குவக்கவக், நூ-சா-நுல்த், கரையோர சேலிஷ் ஆகிய தொல்குடிகளின் தாயகம். 1850 முதல் 1854 வரை ஆளுநர் டக்ளஸ் செய்த 14 உடன்படிக்கைகள், குடியேறாத நிலத்தில் வேட்டையாடவும் முன்போல் மீன் பிடிக்கவும் அவர்களுக்குள்ள உரிமையை எழுதிவைத்தன. தீவின் பெரும்பகுதிக்கு அந்த உடன்படிக்கையும் இல்லை. 1990-இல் கனடாவின் உச்சநீதிமன்றம் மீனுக்கு ஒரு வரிசை வகுத்தது: முதலில் இனத்தைக் காத்தல், அடுத்துத் தொல்குடியினரின் உணவு, பிறகே மற்றவர். புதிதாகக் குடியேறுபவர் தாம் வரிசையில் எங்கே நிற்கிறோம் என்பதை அறிந்திருப்பது அழகு.

கடலும் நிலமும் அசையும்

ஏரியில் ஓட்டிய சிறிய அலுமினியப் படகைக் கடலுக்குக் கொண்டுவருவோர் உண்டு. ஏரி நீர் காற்றடித்தால்தான் அலையும். கடல் நீரோ காற்றில்லாமலே நாள்தோறும் ஏறி இறங்கும். கேம்ப்பெல் ரிவருக்கு அருகிலுள்ள செய்மூர் நீரிடுக்கில் ஓதத்தின் ஓட்டம் மணிக்கு 15 கடல்மைல் வேகத்தை எட்டுவதுண்டு. அங்கே நீருக்கடியில் மறைந்திருந்த ரிப்பிள் பாறை பல கப்பல்களைக் கவிழ்த்து நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. 1958 ஏப்ரல் 5-ஆம் நாள் ஆயிரம் டன்னுக்கும் மேற்பட்ட வெடிமருந்தால் அதன் தலையைத் தகர்த்தனர். பாறை தணிந்தது, ஓட்டம் தணியவில்லை. ஓத அட்டவணை படிக்கத் தெரியாதவர் அந்நீரில் படகிறக்கலாகாது. மேற்குக் கரையில் கோடையிலும் கடல்நீர் உடலை விறைக்கச் செய்யும் குளிர்ச்சியுடையது. மிதவைச் சட்டையின்றி வீழ்ந்தவர் நீந்தத் தெரிந்தும் மாள்வர்.

நிலமும் அசைவதுண்டு. தீவின் மேற்கே கடலடித் தட்டு ஒன்று நிலத்தட்டின் கீழ் நுழைந்துகொண்டிருக்கிறது. 1700-ஆம் ஆண்டு சனவரி 26-ஆம் நாள் அங்கே மாபெரும் நிலநடுக்கம் நிகழ்ந்தது. அதன் பேரலை சப்பானை அடைந்ததை அந்நாட்டுப் பழம்பதிவுகள் கொண்டு நாளையும் அறிந்தனர். 1946-இல் தீவின் நடுப்பகுதி குலுங்கியது. 1964-இல் அலாஸ்கா நிலநடுக்கத்தின் பேரலை போர்ட் அல்பர்னி ஊருக்குள் புகுந்து வீடுகளைப் பெயர்த்தது. 2004 டிசம்பரில் நம் கடற்கரையைத் தாக்கிய பேரலையும் இவ்வகைத் தட்டு நுழைவால் எழுந்ததே. ஆகவே கடற்கரை வீட்டின் அழகைப் பார்ப்பவர் மேட்டுக்கு ஓடும் வழியையும் பார்த்துவைக்க வேண்டும்.

தீவுக்குப் பாலம் கிடையாது. டிசாவாசனிலிருந்து ஸ்வார்ட்ஸ் பே வரை கப்பல் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக எடுக்கும். புயலடித்தால் கப்பல் நிற்கும். 2021 நவம்பர் பெருமழை தீவின் நெடுஞ்சாலையையும் மலைநாட்டுச் சாலைகளையும் ஒருசேர அறுத்தது. 2023 சூனில் காட்டுத்தீயால் நான்காம் எண் நெடுஞ்சாலை மூடப்பட்டு, டொஃபினோ, போர்ட் அல்பர்னி முதலிய ஊர்கள் முதன்மைச் சாலையை இழந்தன.

பொருட் கணக்கு

விக்டோரியாவில் ஒரு தனிவீடு பத்து லட்சம் டாலருக்கு மேல் விற்கிறது. ரெஜைனாவில் அதில் மூன்றிலொரு பங்கு இருந்தால் நல்ல வீடு கிடைக்கும். வடக்கே போர்ட் ஹார்டி போன்ற ஊர்களில் விலை குறைவுதான். வேலையும் மருத்துவ வசதியும் அதற்கேற்பக் குறைவு. குடும்ப மருத்துவர் கிடைப்பதே தீவில் அரிதென்பது பலர் கூறும் குறை.

இக்கணக்கில் ஒரு வழுக்கு உண்டு. சமவெளி வீட்டை விற்றுத் தீவில் வீடு வாங்குபவர் சேமிப்பு முழுவதையும் அதில் கொட்டிவிடுகிறார். படகுக்கும், படகு நிறுத்தும் கட்டணத்துக்கும், பொறிக்கும் கையில் மிச்சமிராது. கடலைப் பார்த்துக்கொண்டு, கடலில் இறங்க வழியின்றி வீட்டுக் கடனுக்காக உழைப்பதா குடிபெயர்ந்ததன் பயன்?

விடுபட்ட புள்ளி

மானை எண்ணினோம், மீனை எண்ணினோம், மழையையும் விலையையும் எண்ணினோம். இன்னும் எண்ணாத ஒன்று உண்டு. அதுவே இக்கணக்கில் பெரிய தொகை.

வெளியில் வாழ விழைபவனின் உண்மைச் செல்வம் விலங்குகள் அல்ல. ஓர் இடத்தைப் பற்றி அவன் சேர்த்துவைத்த அறிவே. எந்தக் குட்டைக்கு எந்த வாரம் வாத்து வரும், எந்த ஓடைக்கரையில் மான் படுக்கும், வடமேற்கு வானம் எந்நிறமானால் வீடு திரும்ப வேண்டும், எந்த உழவர் வீட்டில் எப்போது கதவைத் தட்டலாம் - இவற்றையெல்லாம் அறிய நம் அன்பருக்கு இருபது ஆண்டுகள் ஆயின. இச்செல்வத்தை விற்க முடியாது. வண்டியில் ஏற்றிச் செல்லவும் முடியாது. தீவில் இறங்கும் நாளில் அவர் நாற்பத்தைந்து வயதுத் தொடக்க மாணவர்.

அப்படியானால் போகவே கூடாதா? அவ்வாறு சொல்வதற்கில்லை. ராட்ரிக் ஹெய்க்-பிரவுன் என்பவர் 1908-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். இளமையிலே அத்தீவுக்கு வந்து மரம் வெட்டினார், பொறி வைத்து விலங்கு பிடித்தார், மீன் பிடித்தார். பின்னர்க் கேம்ப்பெல் ரிவரில் குடியமர்ந்து நீதிபதியாகவும் எழுத்தாளராகவும் விளங்கினார். அந்த ஆற்றைப் பற்றியும் மீனைப் பற்றியும் அவர் எழுதியவை உலகெங்கும் படிக்கப்படுகின்றன. ஏரிகளையும் ஆறுகளையும் காக்க அவர் போராடியும் இருக்கிறார். 1976-இல் அவர் மறைந்தபோது தீவு அவரைத் தன் மகனாகவே எண்ணியது. வந்தவர் ஊரானது எங்ஙனம்? கற்க அஞ்சாமையால்.

ஆகவே நம் அன்பருக்கு நாம் கூறத்தக்கது இதுவே. சூலையில் தீவைப் பார்த்து முடிவு செய்ய வேண்டா. சூலையில் எந்தத் தீவும் அழகு. நவம்பரில் மூன்று வாரம் வாடகை அறையில் தங்கிப் பார்க்கட்டும். மனைவியையும் உடன் அழைத்துச் செல்லட்டும், மங்கலும் மழையும் இருவர்க்கும் பொது. போவதென்று துணிந்தால் முதலாண்டு ரெஜைனா வீட்டை விற்காமல் வாடகைக்கு விடட்டும். சட்டம் விதிக்கும் ஆறு மாதத்தைத் தண்டனையாகக் கருதாமல், உள்ளூர் முதியவரின் படகில் கடைசி இருக்கையில் அமர்ந்து ஓதம் படிக்கும் பயிற்சிக் காலமாகக் கொள்ளட்டும். அந்த இருக்கை அவருக்கு மகிழ்ச்சி தருமாயின் தீவு அவருக்குரியது. "எங்கள் ஊரில் இப்படியில்லையே" என்ற பேச்சே அடிக்கடி வருமாயின், சமவெளியின் வாத்துகள் அவருக்காகக் காத்திருக்கின்றன, திரும்புவதில் இழுக்கில்லை.

நண்பர்களே, ஊர் விட்டு இவ்வளாகத்துக்கு வந்த முதல் மாதம் நமக்கு நினைவிருக்கும். நாம் இழந்ததாக எண்ணியது உணவையும் மொழியையும். ஆனால் உண்மையில் தடுமாறியது, எந்தத் தெருவில் எந்நேரத்தில் எது கிடைக்கும் என்று அறியாமையால்தானே? அதைக் கற்றுக்கொண்ட பிறகே இவ்வூரும் நம் ஊராயிற்று. சமவெளி வேட்டைக்காரரின் கணக்கு நமக்கு அத்துணை அந்நியமானதன்று.